நாற்பது சதவீத வெளிச்சம்

அபோண்டி நல்லவள்தான். கொசுவின் எச்சில் சுரப்பியில் மலேரியாக் கிருமி எப்படிக் குடியேறுகிறது என்று எட்டு வருடமாகப் பார்க்கிறவள். ஒரு கொசுவிடம்கூட முகம் சுளித்ததில்லை. நத்தைகளை ஆராயும் சிமியு பேரைக் கேட்டால் மட்டும் குடிக்கிற டீ கசந்துவிடும்.

நைரோபியில் இருக்கும் லேசர் மைக்ரோஸ்கோப் ஆறு பல்கலைக்கழகங்களுக்குப் பொது. ஐந்து மாதம் காத்திருந்து, தன் ஊரான கிசுமுவிலிருந்து, சுரப்பிகள் வைத்த ஐஸ்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தாள். கிடைத்தது மூன்று மணி நேரம். மூன்று படம் தேறினால் கட்டுரை அச்சேறும். இல்லையென்றால் இன்னும் ஐந்து மாதம்.

நடைவழிச் சுவரில் மாதத்தின் சிறந்த படத்தை ஒட்டுவார்கள். மூன்று மாதமாக அங்கே சிமியுவின் நத்தை, பச்சையும் ஊதாவுமாக, கல்யாணப்பெண் மாதிரி.

"என்ன டாக்டர், நத்தையை இப்படி முறைக்கிறீங்க? பயந்து ஓடிடப் போகுது," என்றாள் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் முடிண்டி.

"இவ்வளவு சாயம் பூசினா செருப்புகூட அழகாத்தான் இருக்கும்."

லேசர் பட்டால் ஒளிரும் சாயத்தைச் சுரப்பியில் ஏற்றி, லேசரை இரண்டு சதவீதத்தில் வைத்து எடுத்தாள். கட்டுரைக்குப் போதும், சுவருக்குப் போதாது. அழித்தாள். மறுபடி எடுத்தாள், அழித்தாள். கடைசி அரை மணி நேரத்தில், முடிண்டி வெளியே போனதும், சிமியுவின் நத்தைப் படத்தைத் திறந்தாள். பழைய படத்தைத் திறந்து ஒரு பட்டனை அழுத்தினால், அதை எடுத்த அளவுகள் அப்படியே வந்துவிடும். வந்தன. லேசர் நாற்பது.

தடித்த நத்தைக்கு அது விளக்கு. கொசுச் சுரப்பிக்கு அடுப்பு. முதல் படம் தகதகவென்று வந்தது. இரண்டாவதற்குள் சாயம் வெளுத்துத் திரையில் வெறும் சாம்பல். நேரமும் முடிந்தது.

அந்த ஒற்றைப் படத்தை முடிண்டி நத்தையின் மேலேயே ஒட்டிவிட்டாள்.

மறுநாள் சிமியுவின் முறை. ஐஸ்பெட்டியை எடுத்துப்போக அபோண்டியும் வந்திருந்தாள். சுவரைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கிய அழகை வீட்டுக்கே எடுத்துப்போகலாம் போலிருந்தது அபோண்டிக்கு.

"எப்படி எடுத்தே? எனக்கும் காட்டு. என் மூணு மணி நேரத்துல ரெண்டை எடுத்துக்கோ."

ஐஸ்பெட்டியில் இன்னும் இரண்டு சுரப்பிகள் இருந்தன. இரண்டு படம் பாக்கி. உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டு அவனும் உட்கார்ந்தான், பரீட்சையில் எட்டிப் பார்க்கிறவன் மாதிரி. அவள் லேசரை இரண்டில் வைத்தாள்.

"வெறும் ரெண்டா?"

"கை வாகு வேணும்," என்றாள் அபோண்டி.

இரண்டு படமும் சாதுவாக வந்தன. இந்த முறை அழிக்கவில்லை. மூன்றாயிற்று.

ஐஸ்பெட்டியை மூடித் தோளில் மாட்டியபோது, சிமியு தன் நத்தையை வைத்து, தன்னுடைய நாற்பதை அழித்துவிட்டு, பக்தியோடு இரண்டு என்று அடித்துக்கொண்டிருந்தான். திரையில் கும்மிருட்டு. இன்னும் நெருங்கிக் குனிந்து பார்த்தான்.

நாற்பதைச் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. ஆனால் கிசுமு பஸ் யாருக்காகவும் நிற்காது.