பெயர் எழுதிய டப்பா

ரயில்வே குமாஸ்தா நாகையாவின் மகள் தனலெட்சுமிக்கு உலகத்தில் முக்கால்வாசி நாற்றம். மீதிக் கால்வாசி இனிமேல் நாறப்போவது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்சந்தில் வாளிக் கக்கூஸ். வாளி எடுக்கும் வண்டிச் சத்தம் கேட்டதுமே அவள் முன்வாசலுக்கு ஓடி, யூடிகோலன் வாசனைத் தண்ணீரில் நனைத்த கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொள்வாள். அந்தக் கைக்குட்டை பள்ளிக்கூடத்துக்கும் கூடவே போகும். பெண்கள் பள்ளியின் மேல்நிலைப் பிரிவில் அவளுக்கு அது இரண்டாம் வருஷம்.

பெஞ்சில் பக்கத்து இடம் மாரியாயிக்கு. மாடு கட்டிப் பால் ஊற்றும் வேலாயுதத்தின் மகள். விடிந்ததும் சாணி அள்ளிவிட்டு, குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு வருவாள். எவ்வளவு சோப்புப் போட்டாலும் அவளோடு தொழுவமும் வந்து உட்காருவதாகத் தனலெட்சுமிக்குத் தோன்றும். நகர்ந்து நகர்ந்து பெஞ்சின் விளிம்புக்கே போய்விடுவாள்.

"இன்னுங் கொஞ்சம் தள்ளு, கீழ விழுந்துடுவ," என்பாள் மாரியாயி. "அப்புறம் நாந்தான் கட்டிப் புடிச்சுத் தூக்கணும். பரவால்லையா?"

அல்ஜீப்ராவில் தடுமாறினாலும் சுகாதாரப் பாடத்தில் தனலெட்சுமிதான் முதல். ஈயின் கால் ரோமத்திலிருந்து குடற்புழுவின் வாய் வரை கலர் பென்சிலில் அவள் வரைந்த படங்களை டீச்சர் சுவரில் ஒட்டியிருந்தார். காகிதத்தில் எதுவும் நாறுவதில்லை.

அந்தச் சமயத்தில்தான் நாகையாவுக்கு மாற்றல் வந்தது. கோலலிப்பிஸ் பக்கம், காட்டுக்கு நடுவில் ஒரு சின்ன ஸ்டேஷன். அங்கே பெண்பிள்ளைக்கு இங்கிலீஷ் படிப்பு ஏது? பள்ளி விடுதியில் இடம் கிடைத்தால் தனலெட்சுமி படிப்பாள். கிடைக்காவிட்டால் அம்மாவோடு அடுப்படிதான். இரண்டாம் வருஷப் பெண்களுக்கெல்லாம் வயிற்றுப் பூச்சிப் பரிசோதனை நடக்கப்போகிறது, அது முடிந்த பிறகே கட்டில் என்று விடுதி மேட்ரன் சொல்லிவிட்டார்.

ஆளுக்கொரு தகர டப்பா கொடுத்தார்கள். மூடியில் அவரவர் பெயர்.

"இதுல என்ன கொண்டாரணும், மேடம்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"காலையில போவீங்கல்ல, அதத்தான்," என்றார் மேட்ரன், முகத்தில் ஒரு சுளிப்புமில்லாமல்.

மறுநாள் காலை தனலெட்சுமி டப்பாவைத் திறந்தாள், வாளியைப் பார்த்தாள், வாந்தியெடுத்தாள். காலி டப்பாவோடு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள்.

மாரியாயி அதை வாங்கிக் குலுக்கிப் பார்த்தாள். "ஒண்ணுமில்லையா? அடிப் பாவி, விடுதி வேணாமா ஒனக்கு?"

"என்னால முடியலடி."

"சரி, அந்தப் பக்கம் திரும்பிக்க. என்னுது நெறைய இருக்கு. மனுசங்க எல்லாருக்கும் ஒரே சரக்குதான் லா!"

தென்னங்குச்சி ஒன்றை ஒடித்து, தன் டப்பாவிலிருந்து பாதியைத் தள்ளினாள். தனலெட்சுமி கண்ணை மூடிக்கொண்டாள். காதை மூடத்தான் மறந்துவிட்டாள். தன் பெயர் எழுதிய டப்பாவில் இன்னொருத்தியின் அசிங்கம். அதைத் தொட்டுத் தூக்கிப் போய்க் கொடுத்த கையை, தோல் உரியும் வரை தேய்த்துக் கழுவினாள்.

அடுத்த வாரம் மேட்ரன் வகுப்புக்கு வந்தார். "தனலெட்சுமி, மாரியாயி. ரெண்டு பேருக்கும் பூச்சி."

வகுப்பே மூக்கைப் பிடித்துக்கொண்டது. என்னுடையது இல்லை என்று கத்த வேண்டும் போலிருந்தது தனலெட்சுமிக்கு. ஆனால் பூச்சிக்காரிக்கு மருந்து உண்டு; பொய்க்காரிக்கு விடுதியில் கட்டில் உண்டா?

"எம் பூச்சிய ஒம் பேருல எழுதிட்டாங்க," என்று காதில் கிசுகிசுத்தாள் மாரியாயி.

சிக் ரூமில் இருவருக்கும் அடுத்தடுத்த கட்டில். முதலில் மருந்தெண்ணெய், நாக்கில் பட்டதும் மூட்டைப்பூச்சி நசுங்கின வாடை தொண்டை வரை ஏறியது. பின்னாலேயே ஒரு கிளாஸ் விளக்கெண்ணெய். ஒவ்வொரு கட்டிலின் கீழும் மூடி போட்ட பீங்கான் சட்டி. "பூச்சி விழுந்தத எங் கண்ணால பாக்கணும். அப்பத்தான் விடுதிக்குக் கையெழுத்து," என்று சொல்லிவிட்டு மேட்ரன் வெளியே போனார்.

தனலெட்சுமி தன் காலிச் சட்டியை எட்டிப் பார்த்தாள். இல்லாத பூச்சி எங்கிருந்து விழும்? அவள் சட்டி மட்டும் வெறுமனே கிடந்தால் டப்பா விஷயம் வெளிவந்துவிடும்.

"மாரி," என்றாள் மெதுவாக. "ஒனக்கு விழுந்தா... எனக்கு ஒண்ணு குடுப்பியா?"

மாரியாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எங்கூட ஒட்டி உக்கார மாட்ட. எம் பூச்சி மட்டும் வேணுமா?"

"கால்ல விழறேன்டி."

"விழ வேணாம். மொதல்ல வயித்தக் கலக்கட்டும், இரு."

கலக்கியது. மத்தியானம் மேட்ரன் வந்து மாரியாயியின் சட்டியைத் திறந்தார். "ரெண்டு." பிறகு தனலெட்சுமியின் சட்டியைத் திறந்தார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அடேயப்பா, ஒரு கொத்தே இருக்கே!"

திரும்பிப் பார்த்தாள். படத்தில் அவள் இளஞ்சிவப்புத் தீட்டியிருந்தாள். அது தப்பு. வெளுத்துப்போன இடியப்பம் மாதிரி, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, இன்னும் நெளிந்தன. மாரியாயி ஒன்றும் கொடுக்கவில்லை; எல்லாம் அவளுடையவை. இத்தனை நாளும் மூக்கைப் பொத்திக்கொண்டு அவள் வளர்த்து வந்தது இவற்றைத்தான். மேட்ரன் திருப்தியோடு கையெழுத்துப் போட்டார். தனலெட்சுமி அந்தச் சட்டியிலேயே வாந்தியெடுத்தாள்.

திங்கட்கிழமை அவள் விடுதியிலிருந்து வகுப்புக்கு வந்தபோது, மாரியாயி ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு பெஞ்சின் விளிம்புக்கு நகர்ந்தாள். "வாங்க பணக்காரம்மா. எனக்கு ரெண்டுதான்!"

தனலெட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. கைக்குட்டையை எடுத்தாள், மூக்குக்குக் கொண்டுபோகாமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள். தன் வயிற்றை விட்டுத் தள்ளி உட்கார எந்த பெஞ்சிலும் இடமில்லை.