பூட்டிய வீட்டில் மூன்றாவது செட்

பக்கத்து வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் திறந்து, கூட்டி, விளக்கேற்றிப் பூட்டிவிட்டு நான் வேலை பார்க்கும் கால்நடை மருந்தகத்துக்குக் கிளம்பிவிடுவேன். மற்ற நாட்களில் அந்த வாசற்படியை மிதிப்பதில்லை. அந்தச் சனிக்கிழமை மிதித்ததற்கு டென்னிஸ்தான் காரணம்.

ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கள் ஊரில் டென்னிஸ் பார்க்கிற வீடு என்று ஒன்று இருந்தால் அது அந்த வீடுதான். அங்கே இருந்த பெரியவர் புது ஆற்று மதகில் லஸ்கராக இருந்தவர். ஷட்டரை ஏற்றி இறக்குவதுதான் வேலை. சாயங்காலம் ஆனால் இன்ஜினீயர்கள் ஆடுகிற டென்னிஸ் களத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட வேண்டும், அதுவும் அவர் தலையில்தான். கோடு போட்டவனே கோட்டையும் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். பெரிய அதிகாரி அடித்த பந்தை ஒரு லஸ்கர் வாயால் ‘அவுட்’ என்று சொல்ல முடியுமா? அதனால் கைதான். பந்து உள்ளே விழுந்தால் உள்ளங்கை தரையைப் பார்க்கும். வெளியே போனால் கை பக்கவாட்டில் நீளும். சாப்பாட்டைத் தவிர எல்லாமே அவருக்கு இடது கை, இதுவும் இடது கைதான்.

நான் அவரைப் பெரியப்பா என்று கூப்பிடுவேன். சொந்தமெல்லாம் இல்லை. அவர் மகனும் நானும் ஒரே வகுப்பு. டேவிஸ் கோப்பை ஆட்டம் டிவியில் வந்தால் மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்துவிடுவோம். நாங்கள் இரண்டு பேரும் தொண்டை கிழியக் கத்துவோம். பெரியப்பா ஒயர் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு பந்துக்கும் பேசாமல் கையைக் காட்டுவார். டிவியில் நடுவர் சொல்வதற்கு முன்னாலேயே காட்டுவார். அவர் தப்பாகக் காட்டி நான் பார்த்ததில்லை.

பிறகு மகன் ஐரோப்பாவுக்கு வேலைக்குப் போய்விட்டான். போன சித்திரையில் பெரியப்பா படுத்த படுக்கையானபோது அவனுக்கு வேலை மாறுகிற நேரம், விசா கைக்கு வரவில்லை. கடைசி நாளில் நான்தான் போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். மகன், “அப்பா, அப்பா” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். பெரியப்பா ஒரு தரம் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மயக்கத்தில் திரும்பினாரா, கோபத்தில் திரும்பினாரா, எனக்குத் தெரியாது. மயக்கம் என்றுதான் அவனிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை. சுடுகாட்டையும் போனில்தான் பார்த்தான்.

அடுத்த மாதமே தஞ்சாவூரிலிருந்து ஆள் அனுப்பிக் கூடத்தில் ஒரு கேமரா மாட்டச் சொன்னான். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் எல்லோரும் இப்போது பூட்டிய வீட்டில் மாட்டுவதுதான். திருட வருகிறவன் பரிதாபப்பட்டு எதையாவது வைத்துவிட்டுப் போகிற அளவுக்குத்தான் அந்த வீட்டில் சாமான் இருந்தது. ஆனாலும் மாட்டினான்.

ஆவணிக் கடைசியில் டேவிஸ் கோப்பை ஆட்டம் வந்தது. அவன் இருக்கிற ஊரிலேயே ஆட்டம். சனிக்கிழமை இரட்டையர். நம் ஊரில் அப்போது மத்தியானம் மூன்று மணி இருக்கும். மழை கட்டிக்கொண்டு கூடமெல்லாம் இருட்டிக் கிடந்தது. நான் என் வீட்டில் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் செட் பாதியில், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ, “அவுட்” என்றார்கள்.

போனில் நம் ஆள் அப்போதுதான் பந்தைத் தூக்கிப்போட்டான். அடித்தான். எதிர்ப் பக்கம் திருப்பியடித்தார்கள். பந்து கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது. அவுட்.

வேறு யாரோ டிவி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த பந்துக்கும் அதே மாதிரி. சுவருக்கு அப்பால் முதலில் சத்தம் வரும், நான் இருபது எண்ணுவதற்குள் அது போனில் நடக்கும். இரண்டு செட் வரைக்கும் பொறுத்தேன். பயந்தேன் என்று சொல்வதுதான் நியாயம். எங்களுக்கு ஒன்று, அவர்களுக்கு ஒன்று என்று ஆனதும், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சாவியை எடுத்தேன்.

கதவைத் திறந்து கூடத்துக்குள் போனேன். கேமராவில் சிவப்புப் பொட்டு எரிந்தது. அதிலிருந்து கூட்டத்தின் இரைச்சல் வந்தது. அதற்கு நடுவே அவன் குரல்.

“இப்ப நம்ம சர்வீஸ்ப்பா.”

அது பேசும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. விஷயம் பிடிபட்டதும் சிரிப்பு வந்தது. பயல் மைதானத்தில் உட்கார்ந்துகொண்டு, செத்துப்போன அப்பாவுக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். போனில் ஆட்டம் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும், அதனால்தான் அவனுக்கு முன்னால் தெரிகிறது. ‘டேய், நான்தான்டா’ என்று சொல்ல வாயெடுத்தேன்.

“ஏம்ப்பா எந்திரிச்சிட்டீங்க? உக்காருங்க” என்றான்.

இருட்டில் வேட்டியும் துண்டும் மட்டும் தெரிந்திருக்கும். நானும் என்ன நினைத்தேனோ, ஒயர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஒயர் வெதுவெதுப்பாக இருந்தது. புழுக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன். கையைக் காலை அசைக்கவில்லை. மூன்றாவது செட்டில் தோற்றோம். கூட்டம் கைதட்டி ஓய்ந்தது. அவன் மூச்சு விடுவது கேட்டது. பிறகு, “அப்பா, என் மேல கோபமா? நான் உள்ளயா, வெளியயான்னு மட்டும் காட்டுங்கப்பா” என்றான்.

குரல் உடைந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன். ஒரு கை அசைவில் தீர்கிற துக்கத்தை ஏன் வைத்துக்கொண்டிருக்க வேண்டும்? கையைத் தூக்கி, உள்ளங்கை தரையைப் பார்க்கக் காட்டினேன். உள்ளே.

சிவப்புப் பொட்டு அணைந்தது. நல்ல காரியம் செய்துவிட்ட நிம்மதியோடு பூட்டிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலையில் அவனே கூப்பிட்டான்.

“நேத்து கடைசியா கை காட்டினது நீதானே?”

பொய் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவனே, “அது வலது கைடா” என்றான்.

“நான்தான். மன்னிச்சுக்க. நீ அப்படிக் கேட்டதும் மனசு தாங்கல” என்றேன். பிறகுதான் அந்தச் சொல் உறைத்தது. “கடைசியான்னா?”

“முதல் செட்டுலேருந்து அப்பா காட்டிக்கிட்டுதானே இருந்தாரு. ஒவ்வொரு பந்துக்கும். இடது கையால.”

“டேய், நான் மூணாவது செட்டுலதான் உள்ளயே போனேன்.”

“தெரியும்” என்றான்.

ஒயரின் அந்த வெதுவெதுப்பு முதுகில் அப்படியே இருந்தது. அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அந்த ஒரு கேள்வியக் கேக்கத்தான்டா மேட்ச் பூரா அவர உக்கார வச்சிருந்தேன்” என்றான். “நீ கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.”