கிராம்பு வாடை

என் முன்பற்கள் இரண்டும் போனது வீரத்தில் அல்ல. ஃபேக்டரிப் படிக்கட்டுப் பாசியில் வழுக்கி. ஆறு வருடம் அந்த ஓட்டையோடே குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் டீ டேஸ்டராகக் காலம் தள்ளினேன். மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் மனைவி விடவில்லை.

"வாயை மூடிக்கிட்டே சம்பந்தம் பேசப் போறீங்களாக்கும்?"

பல் டாக்டரம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். இருபுறமும் இருந்த நல்ல பற்களை ஈவிரக்கமில்லாமல் அரைத்தார். ஓட்டையை அடைக்கும் நிரந்தரப் பல் பாலம் தயாராகும்வரை இருக்கட்டும் என்று தற்காலிகமாக ஒன்றை ஒட்டிவிட்டு ஏதோ சொன்னார். நான் கண்ணாடியில் என் அழகைப் பார்த்துக்கொண்டிருந்ததால் காதில் விழவில்லை.

மறுநாள் காலை வழக்கம்போல வரிசையாகக் கோப்பைகள். எங்கள் தொழிலில் தேநீரைக் குடிப்பதில்லை. கரண்டியில் எடுத்து, சர்ரென்று உறிஞ்சி, வாசனையை மூக்குவரை ஏற்றிவிட்டுத் துப்பிவிடுவோம். உறிஞ்சினேன். கிராம்பு! அடுத்த கோப்பையிலும் கிராம்பு. பக்கத்தில் எந்த வாடை இருந்தாலும் தேயிலை பிடித்துக்கொள்ளும். தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கரும் ஒரு வாய் உறிஞ்சிப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலீங்களே."

"உங்களுக்கு எப்பத்தான் தெரிஞ்சுது?" என்று அவர் வாயை அடைத்துவிட்டுத் தூள் சலிக்கும் அறைக்குப் பாய்ந்தேன்.

அங்கிருந்த பெண்களை வரிசையாக நிறுத்தினேன். ஒருத்தியின் கன்னம் புடைத்திருந்தது. கடைவாயில் கிராம்பு! அந்த அறையில் என்னைவிட அதிக காலம் வேலை பார்த்தவள்.

"பல்லு வலிங்க ஐயா, ரெண்டு நாளாத் தூக்கமே இல்லீங்க."

"உன் பல்லுக்காக அத்தனை தூளும் நாசமாப் போறதா? இனி இந்தப் பக்கமே வராதே."

அவள் கண் கலங்கிப் போனாள். எனக்கோ திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த பெருமை.

அடுத்த நாளும் கிராம்பு. அவளும் இல்லை, தூளும் புதிது. மற்றவர்களின் டிபன் பாக்ஸையும் திறக்கச் சொல்லலாமா என்று யோசித்தபடி, வாய் கொப்பளிக்க வெந்நீரை உறிஞ்சினேன். வெந்நீரிலும் கிராம்பு.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ஒட்டின பசையில கிராம்பெண்ணெய் இருக்கு, கொஞ்ச நாளைக்கு வாடை அடிக்கும்னு அன்னிக்கே சொன்னேனுங்களே."

வாடையை என் வாயில் வைத்துக்கொண்டு ஊரார் வாயை மோந்து பார்த்திருக்கிறேன். ஒரு பாவமும் அறியாதவளின் பிழைப்பில் மண்ணைப் போட்டிருக்கிறேன். உடனே ஆளனுப்பினேன்.

மறுநாள் காலை வந்தாள். சலிக்கும் மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு எல்லோர் முன்னிலையிலும், "தப்பு என் மேலதாம்மா. வாடை என் வாயிலதான்" என்றேன்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க ஐயா, பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கலையாம்" என்றாள்.

சத்தமாகவே சொன்னேன்.

"சும்மா ஊட்ல இருந்தனா, போய் அந்தப் பல்லைப் புடுங்கிட்டு வந்துட்டேனுங்க" என்று வாயைத் திறந்து காட்டினாள். வீக்கம் வடிந்திருந்தது.

குற்ற உணர்ச்சியில் நான் அவசரப்பட்டேன். "எங்க டாக்டரம்மாகிட்டயே சொல்றேன். உனக்கும் ஒரு பாலம் கட்டிரலாம்."

"ஐயோ, வேண்டாமுங்க" என்றாள். "அப்பறம் நானும் யாரையாச்சும் வேலைய உட்டுத் தொரத்தோணுமே!"