குழாயின் மறுமுனை

என் நாக்கு நுனியில் ஒரு தழும்பு இருக்கிறது. ஒரு மிளகு உள்ளே அடங்கும் அளவுக்குச் சின்ன வட்டம். இந்தச் சம்பவத்தை நம்பாதவர்களிடம் நான் வாதாடுவதில்லை. நாக்கை நீட்டிக் காட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவேன்.

நான் கல் குவாரியில் வளர்ந்தவன். அப்பா, அம்மா இரண்டு பேருமே சுத்தியல் பிடித்தவர்கள். வெடிப் பள்ளத்தில் செத்தவர்களைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்து யாரையும் பயமுறுத்தியதில்லை. அவ்வளவு பாடுபட்ட பிறகு அதற்கும் தெம்பு வேண்டாமா?

அன்று ஞாயிற்றுக்கிழமை. பட்டப்பகல். என் மெக்கானிக் ஷெட்டுக்கு லீவு. தங்கச்சி மாப்பிள்ளை ஒரு பழைய டீசல் காரை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். தங்கச்சிக்கு நிறைமாதம். வலி எடுத்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வண்டி வேண்டுமே என்று அவசரத்தில் வாங்கியது.

"என்ன மாப்ள, அடிமாட்டு விலைக்கு அமுக்கிட்டீங்களா?"

"சின்ன ரிப்பேர்தான் மச்சான். சாவியை ஆஃப் பண்ணாலும் எஞ்ஜின் நிக்க மாட்டேங்குது. கதவுப் பூட்டு தானா விழுது. வேக்கம் லீக்குன்னு புரோக்கர் சொன்னான்."

"பேய் புடிச்சிருக்குன்னு சொல்லலையா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அந்தக் கால டீசல் கார்களில் இது சாதாரணம். எஞ்ஜினோடு ஒரு பம்ப் ஓடும். அது காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்த உறிஞ்சும் சக்திதான் வேக்கம். மெல்லிய குழாய்கள் வழியாக அதுவே பிரேக்குக்குப் போகும், எஞ்ஜினை நிறுத்தப் போகும், நான்கு கதவுப் பூட்டுக்கும் போகும். எங்காவது ஓர் ஓட்டை விழுந்தால் எல்லாம் சேர்ந்து கூத்தடிக்கும்.

ஆகவே வண்டிமேல் எனக்குச் சந்தேகமில்லை. மாப்பிள்ளைமேல்தான்.

முன் சீட்டுகள் கிழிந்து பஞ்சு தள்ளியிருந்தன. பின் சீட்டு புத்தம் புதுசு. மூன்று கதவுகளின் உள் அட்டை வெளுத்துக் கிடந்தது. பின்னால் இடப்பக்கக் கதவுக்கு மட்டும் புது அட்டை, பளபளக்கும் புது ஸ்க்ரூ. சீட்டின் அடியில் நைசான சேறு காய்ந்து ஒட்டியிருந்தது.

"இடி வாங்கின வண்டியா மாப்ள?"

"சேச்சே."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

அவர் போனைப் பார்த்தார். ஒன்று கவனித்தேன். வந்ததிலிருந்து அந்தப் பின்கதவுப் பக்கம் அவர் போகவே இல்லை.

எஞ்ஜினை ஓடவிட்டுச் சாவியை உருவி அவர் கையில் கொடுத்தேன். எஞ்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, சீட்டைத் தூக்கினேன். கதவுகளுக்குக் குழாய் பிரியும் இடம் அங்கேதான். ஓட்டை விழுந்த குழாயை அடைத்தால் வேக்கம் திரும்பி எஞ்ஜின் நின்றுவிடும். ஒவ்வொன்றாக மடக்கிப் பிளேயரால் அழுத்தினேன். டிரைவர் பக்கம்... ஓடியது. அதற்குப் பக்கத்துக் கதவு... ஓடியது. பின்னால் வலது... ஓடியது. பின்னால் இடது...

எஞ்ஜின் நின்றது.

"ஆள் சிக்கிட்டான் மாப்ள!"

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம். குழாயைக் கழற்றி வாயில் வைத்து உறிஞ்சுவோம். உறிஞ்சிவிட்டு நாக்கு நுனியால் ஓட்டையை அடைப்போம். நல்ல குழாய் நாக்கைக் கவ்விக்கொள்ளும். லீக் இருந்தால் காற்று வரும். இதற்கென்று மீட்டர் இருக்கிறது. சுவரில் தொங்கியது. நாலு அடி எழுந்து போகச் சோம்பல்.

வாயில் வைத்து உறிஞ்சினேன். காற்று வந்தது. லீக்தான்.

பிறகு காற்று நின்றது.

நாக்கு ஒட்டிக்கொண்டது. ஓட்டைக் குழாய் நாக்கைக் கவ்வாது. இது கவ்வியது. விட்டது. மறுபடி கவ்வியது... இன்னும் பலமாக. மறுமுனையில் இருந்து இழுப்பதுபோல.

மாப்பிள்ளை விளையாடுகிறார் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தேன்.

அவர் தூரத்தில், ஷெட் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

இழுத்தது... விட்டது... இழுத்தது...

மூச்சு.

பிய்த்து எடுத்தேன். தோல் கிழிந்தது. வாய் நிறைய ரத்தம். கையிலிருந்த குழாய் நுனியில் சத்தம் வந்துகொண்டே இருந்தது. ஸ்ஸ்... ஸ்ஸ்...

எஞ்ஜின் ஓடவில்லை. வேக்கம் இல்லை. பூட்டு விழ வழியே இல்லை.

டக். டக். டக். டக்.

நான்கும் விழுந்தன.

பூட்டுக் குமிழைப் பிடித்துத் தூக்கினேன். யாரோ கதவுக்குள்ளிருந்து பிடித்திருந்தார்கள்.

"மாப்ள!"

ஓடி வந்தார். சாவி திரும்பவில்லை.

ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்...

வேகமாக.

பிறகு மெதுவாக.

இன்னும் மெதுவாக...

ஸ்...

நின்றது.

டக்.

குமிழ்கள் தானாக மேலே வந்தன.

வெளியே விழுந்து அவர் சட்டையைப் பிடித்தேன். அதற்குள் அவர் போன் அடித்தது. தங்கச்சி. வலி எடுத்துவிட்டது.

அவர் காரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"லீக்தான் கண்டுபிடிச்சாச்சே மச்சான்... அவசரத்துக்கு..."

"அவ இதுல ஏற மாட்டா."

சாவியைப் பிடுங்கி ஷெட் கூரைமேல் எறிந்தேன். பக்கத்துக் கடை மினி லாரியில், சிமெண்ட் மூட்டைகளை ஓரம் தள்ளி, தங்கச்சியை உட்கார வைத்துக் கொண்டுபோனோம். "அண்ணா, என்னையும் மூட்டைக் கணக்குல எழுதிட்டீங்களா?" என்று வலியிலும் கேட்டாள். பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம்.

மறுநாள் அந்தக் கதவின் புது அட்டையைக் கழற்றினேன். பூட்டோடு சேர்ந்திருக்க வேண்டிய குழாய் முனை, தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நசுங்கியிருந்தது. எலி கடித்திருக்கும் என்று விரலால் தடவினேன். எலிப் பல் இவ்வளவு அகலமாக இருக்காது.

நுனி ஈரமாக இருந்தது.

மாப்பிள்ளையைக் கேட்டேன். "தண்ணி பட்ட வண்டின்னுதான் சொன்னான் மச்சான். உங்க தங்கச்சி பயப்படுவாளேன்னு மறைச்சேன். வேற எதுவும் தெரியாது." அவரோடு புரோக்கர் வீட்டுக்குப் போனேன். முதலில் மழுப்பினான். நான் நாக்கை நீட்டியதும் அவன் முகம் மாறிவிட்டது.

"ஆத்துல விழுந்த வண்டிங்க. டிரைவர் கண்ணாடி வழியா வெளிய வந்துட்டான். பின்னாடி ஒரு பொண்ணு... பூட்டு திறக்கல. மேல தூக்கினப்போ கதவு அட்டை பிஞ்சு கிடந்துச்சு. அந்தக் குழாய் அந்தப் பொண்ணு வாயில இருந்துச்சு. காத்து வரும்னு நினைச்சிருக்கும், பாவம்."

அந்தக் குழாயில் காற்று வராது. அது உறிஞ்சத்தான் செய்யும். எஞ்ஜின் நிற்கும்வரை அவள் வாயிலிருந்து உறிஞ்சியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை, அதே குழாயின் இந்தப் பக்கத்தில் வாய் வைத்து, முதலில் உறிஞ்சியது நான்.