சுவரோரத்து ஜாம்ருல்

அழுகிய ஜாம்ருல் பழத்தை வெறுங்காலால் மிதித்தவர்களுக்குத்தான் நான் சொல்வது முழுசாகப் புரியும். முதலில் ஒரு வழுக்கல். அப்புறம் விரலிடுக்கில் சில்லென்று சாறு. குனிந்து பார்த்தால் சதைக்குள் நெளியும் வெள்ளைப் புழுக்கள். கோடை முழுக்க என் காலைப்பொழுது இப்படித்தான் விடியும். மணி வடிவில் வெளுப்பாக, தண்ணீர் ருசியில் இருக்கும் அந்தப் பழத்தைக் கொல்கத்தாவில் உப்புத் தொட்டு ஆசையாகத் தின்கிறார்கள். எனக்குப் பார்த்தாலே குமட்டும்.

மரம் என்னுடையது இல்லை. ஜாதவ்பூரில் எங்கள் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் மாஷிமாவுடையது; மாஷிமா என்றால் இங்கே பெரியம்மா, சித்தி மாதிரி. எழுபதைத் தாண்டியவர், தனியாக இருப்பவர். மகன் புனேயில். அவர் படுக்கிற அறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அதன்மேல் குடைபிடித்து நின்றது அந்த ஜாம்ருல். "இதுதான் எனக்கு ஏசி" என்று வங்காளியில் சொல்லிச் சிரிப்பார். அந்த ஏசியின் பாதிக் கிளைகள் என் தோட்டத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தன.

தோட்டம் என்று பெரிதாகச் சொல்கிறேன். நாலு புடவை விரித்தால் நிறைந்துவிடும் இடம். கணவருக்கு இங்கே மாற்றலாகி, இந்த வீட்டைப் பிடித்தபோது, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான் படம் வரைந்தேன். அடுப்படி ஜன்னலோரம் கறிவேப்பிலை, மூலையில் முருங்கை, நடுவில் எலுமிச்சை, பின்சுவரை ஒட்டி பாகலுக்கும் புடலைக்கும் பந்தல். வரைவதற்கு என்ன, கை வலிக்காது. கொத்தத் தொடங்கியதும் தெரிந்தது, அந்த இடமே குப்பையைக் கொட்டித் தூர்த்த பழைய குளம். கொத்துக்குக் கொத்து பாலிதீன் பை, உடைந்த ஓடு, ஒற்றைச் செருப்பு. ஒருநாள் யாருடையதோ பல்செட் வந்தது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

உரத்துக்கு இந்த ஊரில் எல்லோரும் சொல்வது கடுகுப் பிண்ணாக்கு. அதை ஒரு வாரம் தண்ணீரில் ஊறவைத்து அழுகவிட வேண்டும். மூடியைத் திறந்தால் செத்த எலி நாற்றம். மழைக்காலத்தில் உள்ளங்கை அகல நத்தைகள் ராத்திரியோடு ராத்திரியாக ஏறி வந்து இலைகளைத் தின்றுவிட்டு, பளபளவென்று கோழையை இழுத்துவிட்டுப் போகும். எனக்கு இயல்பிலேயே அருவருப்பு அதிகம். ஹோட்டலில் தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் குடிக்கமாட்டேன். அப்படிப்பட்டவள் இவ்வளவையும் பொறுத்துக்கொண்டேன் என்றால், அது என் பந்தலில் காய்க்கப்போகும் பாகற்காய்க்காகத்தான்.

காய்த்தது. விரல் நீளம் வருவதற்குள் ஒரு பக்கம் மஞ்சளடித்து, கோணிக்கொண்டு நின்றது. அறுத்தால் உள்ளே புழு. அதே வெள்ளைப் புழு, அதே நெளிசல். எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. மேலே பார்த்தேன். ஜாம்ருல் மரத்தில் ஈக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன.

"போய் ஒரு வார்த்தை சொல்லேன். கிளையை வெட்டிக்கிட்டா போச்சு" என்றார் கணவர்.

"எப்படிங்க சொல்றது? வருஷா வருஷம் கூடை நிறைய அதையே குடுத்து அனுப்பறாங்க. நானும் ரொம்ப நல்லா இருக்குன்னு பல்லைக் காட்டியிருக்கேன்."

அதுதான் உண்மை. அந்தப் பழத்தை வேலைக்கார அம்மாவிடம் தள்ளிவிட்டு, கூடையைச் சும்மா திருப்பித் தரக்கூடாதென்று கூடவே ஒரு கிண்ணத்தில் சாம்பார் ஊற்றிக் கொடுப்பேன். மாஷிமாவுக்கு எங்கள் சாம்பார் என்றால் உயிர். கிண்ணத்தைச் சுவருக்கு மேலே வாங்கியதும் முகத்தருகே கொண்டுபோய், "ஆஹா, உங்க ஹிங் வாசனை!" என்பார். ஹிங் என்றால் பெருங்காயம். ஒரே ஒரு தடவை, "உங்க மரத்து ஈதான் மாஷிமா என் பாகற்காய்ல புழுவா வைக்குது" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவரும் சிரித்தார். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டதாக நானே நினைத்துக்கொண்டேன்.

பெருங்காயத்துக்கு எங்கள் பக்கத்தில் இரண்டு வேலை சொல்வார்கள். மோரில் கரைத்துத் தெளித்தால் கொடியில் பூ உதிராது. மரத்தில் துளை போட்டு வைத்து அடைத்தால் மரம் பட்டுப்போகும். முதல் வேலையை நான் பலமுறை செய்திருக்கிறேன். இரண்டாவதை அந்த வருஷம் பழமெல்லாம் கொட்டி ஓய்ந்த பிறகு, ஒரு மத்தியானம் செய்தேன். சாப்பிட்டுவிட்டுப் பேட்டையே தூங்கும் நேரம். பக்கத்துச் சந்தில் ஃப்ளாட் கட்டிக்கொண்டிருந்த சத்தத்தில் என் டிரில் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. அடிமரம் சுவரை ஒட்டித்தான் நின்றது. ஸ்டூல் மேல் ஏறி, சுவருக்கு மேலாகக் கையை நீட்டி ஆறேழு இடத்தில் ஆழமாகத் துளைத்து, கட்டிப் பெருங்காயத்தைத் திணித்து, களிமண் வைத்து மெழுகினேன். இறங்கி வந்து சோப்புப் போட்டுக் கை கழுவினேன். வாசனை போகவில்லை. அன்றைக்கு அது எனக்கு அருவருப்பாக இல்லை என்பதையும் எழுதிவிட வேண்டும்.

குளிர்காலத்தில் இலைகள் சுருண்டு உதிர்ந்தன. கொல்கத்தாக் குளிரில் ஒரு ஜாம்ருல் அப்படி மொட்டையாகி யாரும் பார்த்ததில்லை. மாஷிமா தினமும் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். ஒருநாள் சுவரோரம் வந்து, "உனக்குக் கைராசி இருக்கும்மா. உன் பிண்ணாக்குத் தண்ணிய நீயே வந்து ஊத்திப் பாரேன்" என்றார்.

போனேன். வாரம் ஒருமுறை வாளியைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போய், அவர் கண்முன்னே அந்த நாற்றத்தை வேரில் ஊற்றினேன். ஒவ்வொரு தடவையும் அவர் எனக்கு டீயும் பிஸ்கட்டும் தந்தார். நானும் உட்கார்ந்து குடித்தேன். பல்செட்டைக் கண்டு பட்டினி கிடந்த அதே ஆள்தான்.

பங்குனியில் மாஷிமா மரம் வெட்டுபவரை வரவழைத்தார். அவர் பட்டையைத் தட்டிப் பார்த்தார். களிமண் பொட்டுகளைக் கண்டு, நகத்தால் ஒன்றைச் சுரண்டினார், முகர்ந்தார், மாஷிமாவைக் கூப்பிட்டார். சுவருக்கு இந்தப் பக்கம் கையில் கத்தரிக்கோலோடு நின்றிருந்தேன். மாஷிமா மூக்கைத் துளைக்கருகே வைத்ததைப் பார்த்தேன். இன்னொரு தடவையும் முகர்ந்தார். துளைகள் அத்தனையும் என் பக்கம் பார்த்து இருந்தன. என்னை அவர் பார்க்கவில்லை. "வெட்டுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மரத்தைக் கொன்றது பெருங்காயம்தானா, துளை வழியே மழைத்தண்ணீர் இறங்கி அழுகியதா, எனக்குத் தெரியாது. எதுவானாலும் கை என்னுடையது.

அந்தக் கோடையில் என் தோட்டத்தில் ஒரு ஜாம்ருல்கூட விழவில்லை. தரை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பாகல் பந்தலில் வெயில் நன்றாக விழுந்து, காய்கள் கொத்துக் கொத்தாகப் பிடித்தன. முதல் காயை அறுத்தேன். புழு. அடுத்ததிலும் புழு. பாலிகஞ்சில் நான் செடி வாங்குகிற நர்சரிக்காரரிடம் இரண்டு காய்களைக் கொண்டுபோய்க் காட்டி, சுற்றுவட்டத்தில் இப்போது ஜாம்ருல் மரமே இல்லையே என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஜாம்ருலுக்கு வர்ற ஈ வேற, தீதி. பாகல், பூசணிக்கெல்லாம் வர்றது வேற ஈ. பிஞ்சுலயே காகிதப் பை கட்டிவிடுங்க." காகிதப் பை! பழைய பேப்பரும் நூலும் போதும் என்றார். அந்த இரண்டு காய்களையும் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். வீட்டுக்கு வந்தும் ஒரு பைகூடக் கட்ட மனம் வரவில்லை.

வெயில் ஏறியதும் மாஷிமாவின் ஆஸ்பெஸ்டாஸ் அறை அடுப்பாகிவிட்டது. ஒரு மத்தியானம் அவர் வாசற்படியில் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். எங்கள் உள்ளறையில் ஏசி இருக்கிறது, வந்து படுத்துக்கொள்ளுங்கள் என்று கூப்பிட்டேன். வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். வேறு வழி இல்லாமல் வந்தார் என்பது நடையிலேயே தெரிந்தது. அன்றிலிருந்து தினமும் இரண்டு மணி நேரம், நான் டிரில்லைத் தூக்கிய அதே வேளையில், என் வீட்டில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

முதல் நாள் அவருக்கும் சேர்த்துத் தட்டு வைத்தேன். சாம்பாரைக் கரண்டியில் எடுத்ததும் கையை நீட்டித் தட்டை மறைத்தார்.

"அது வேண்டாம்மா. அந்த வாசனை எனக்கு இப்ப ஒத்துக்கறதில்ல. தயிர் இருந்தாப் போதும்."

தயிர் ஊற்றினேன். அவருக்கு எதிரே நின்று கரண்டியைப் பிடித்திருந்த என் கையைப் பார்க்கவே எனக்குக் கூசியது. எல்லாவற்றையும் சொல்லிவிட வாயெடுத்தேன். வரவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் நின்று இளித்தே பழகிய வாய்.

சாப்பிட்டுக் கை கழுவப் போனவர் அடுப்படி மேடையருகே நின்றார். காலையில் நான் அறுத்துப் போட்ட பாகற்காய்கள் பலகையில் அப்படியே கிடந்தன. குனிந்து பார்த்தார். பிறகு, மரத்தை வெட்டியதிலிருந்து முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டார்:

"இன்னும் புழு வருதா?"

"வருது மாஷிமா."

அவர் தலையை ஆட்டினார். ஈரக்கையைத் தன் முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.