பௌர்ணமியன்று கூடிய கூட்டம்

அறக்கட்டளை தொடங்க வருகிறவர்களுக்குப் பத்திரம், தீர்மான நோட்டு எல்லாம் தயார் செய்து கொடுப்பது என் தொழில். நல்லது செய்யத் துடிப்பவர்களைப் பிடித்து உட்காரவைத்து எழுதச் சொல்லும் பாவம் இது. நீங்களும் ஒன்று தொடங்கி அலைந்தவர் என்றால் புரியும்.

நோக்கம்

அடி அண்ணாமலையில் டிபன் கடை வைத்திருக்கும் மல்லிகா, வேங்கிக்காலில் என் ஆபீசுக்கு வந்தார். கிரிவலப் பாதையில் சொந்தக்காரர்களே விட்டுவிட்டுப் போன முதியவர்கள் ஆறு பேர், கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இருந்தார்கள். பூட்டிக் கிடக்கும் ஒரு அரசுக் கட்டடத்தை அவர்களுக்காகக் கேட்க வேண்டும். கேட்க அறக்கட்டளை வேண்டும். நான் வழக்கம்போல் யோகா, கணினி, பசுப் பாதுகாப்பு என்று பதினாலு நோக்கங்களை எழுதிப் படித்துக் காட்டினேன். "மாடு வெச்சிருக்கறவங்க மாட்ட பாத்துப்பாங்க சார். எங்க ஆறு பேரு இதுல எங்க வராங்க?"

வெளியாள்

அறங்காவலர் பட்டியலில் கணவர், கொழுந்தன், நாத்தனார் என்று வீடே இருந்தது. வெளியாள் ஒருவராவது வேண்டும் என்றேன். மறுநாள் மல்லிகாவோடு ஒரு அம்மாள் வந்து, பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார். மல்லிகா மகளின் மாமியாராம். இவரும் சொந்தம்தானே என்றேன். "கல்யாணப் பந்தில சண்டை சார், பேசி மூணு வருஷம் ஆவுது. கொட்டகைக்கு மட்டும் தவறாம வராங்க. இதவிட வெளியாள நான் எங்க போய் தேடுவேன்?"

தீர்மான நோட்டு

மனு மேஜை மேஜையாக நகர்வதற்குள் ஒரு மழைக்காலம் கொட்டகையில் ஒழுகியபடி போயிற்று. கடைசியில் அதிகாரி பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு அறங்காவலர் கூட்டம் நோட்டில் இருக்க வேண்டும். கூட்டமே போடவில்லை என்றார் மல்லிகா. போட்டதாக எழுதுங்கள் என்று தேதிகளையும் நானே கொடுத்தேன்.

அதிகாரி உள்ளூர்க்காரர். கொட்டகைக்கு வந்து நோட்டைப் புரட்டியவர் ஒரு பக்கத்தில் நிறுத்தினார். "பௌர்ணமி அன்னிக்கு கடைய விட்டுட்டு அறங்காவலருங்க ஏழு பேரும் ரெண்டு மணி நேரம் கூட்டம் போட்டீங்களா?" பௌர்ணமியன்று அந்தப் பாதையில் கடைக்காரர்கள் தண்ணீர் குடிக்கக்கூட உட்காருவதில்லை. கட்டடம் போயிற்று என்றே நினைத்தேன். தேதி என்னுடையது, வெட்கமாக இருந்தது.

சம்பந்தியம்மாள் சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றி வந்து நீட்டினார். அன்றன்று யார் குளிப்பாட்டியது, யார் சோறு ஊட்டியது என்று தேதிக்குத் தேதி பேர். பௌர்ணமிகளில் எல்லாம் அவர் பேர் மட்டும். அதிகாரி அதை ஃபைலில் வைத்துக்கொண்டு, ஒரு நிஜக் கூட்டம் போட்டு எழுதி வரும்படி சொல்லிவிட்டுப் போனார். மல்லிகா மூன்று வருஷத்துக்குப் பிறகு முதல் முறையாகத் திரும்பிச் சொன்னார்: "உக்காருங்க சம்பந்தி, கூட்டம் போடலாம்."

அடுத்த மழைக்கு முன்பே சாவி வந்துவிட்டது. இப்போது என்னிடம் வருகிற எல்லோரையும் முதலில் ஒரு காலண்டர் வாங்கி மாட்டச் சொல்கிறேன், தேதி போடுவதற்கு முன் அதைப் பார்த்துப் பழக வேண்டிய முதல் ஆள் நான்தான் என்றாலும்.