தகட்டில் நான் துடைத்த தேதி

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு இருபத்திரண்டு வருடம் பஸ்ஸில் போய் வந்தேன். இரும்புத் தகட்டை அழுத்தி, பம்புசெட் மோட்டாருக்கு விசிறி மூடி செய்யும் பட்டறையில் ஸ்டோர் கீப்பர் வேலை. எண்ணிக்கையில் நான் பிசகியதில்லை. பிசகியது, எண்ணி முடித்த பிறகு செய்த காரியத்தில்.

ஒவ்வொரு மார்ச்சிலும் இருப்பு எடுப்போம். அடுக்கை எண்ணி, மேல் தகட்டில் எண்ணிக்கையும் அன்றைய தேதியும் சாக்பீஸால் எழுதுவேன். பழைய எழுத்து இருந்தால் எனக்குப் பொறுக்காது, துடைத்துவிடுவேன். முதல் தடவை அப்படித் துடைத்தது, சரக்கு வந்த தேதி. மூலையில் கிடந்த நாற்பத்தொரு தகட்டை இப்படி மூன்று மார்ச் துடைத்தேன்.

ஒரு மே மாதம் புது லோடு வரவில்லை. அந்த அடுக்கை எடுத்துக் கொடுத்தேன். முதல் இருபது மூடியில் பதினேழு கிழிந்தன. மற்றதில் வரிவரியாகத் தழும்பு.

பிரஸ் ஓட்டியவர் கோலியனூர்க்காரர். "தகடு கெட்டிப்பட்டுக்கினு வருதுங்க. டை அச்சு அதேதான், எண்ணெய் அதேதான்" என்றார்.

"தகடு இன்னா இட்லி மாவா, வச்சிருந்தா புளிச்சிப் போறதுக்கு?" என்றார் முதலாளி. "ஒரு பொட்டு துரு இல்ல. மேல மார்ச் தேதி போட்டிருக்குது, வந்து ரெண்டு மாசம்கூட ஆவல. நீ தூங்கிக்கினு ஓட்டிட்டு தகட்டு மேல பழி போடுறியா?" என் பக்கம் திரும்பினார். "இன்னா சார், தேதி சரிதான?"

"எழுதியிருக்குதுங்களே" என்றேன்.

பிரஸ்காரரை அன்றே மெஷினிலிருந்து எடுத்து, மூடிகளை மூட்டை கட்டும் வேலையில் போட்டார்கள். சாயங்காலம் பழைய ஃபைலைப் பிரித்தேன். தகட்டோடு வந்த தாளில், ஆறு மாதத்துக்குள் அழுத்திவிடவும் என்று அச்சிட்டிருந்தது. அந்த அடுக்கு வந்து இரண்டு வருடம் தாண்டியிருந்தது. தகடு பார்க்கப் புதிதாகவே இருக்கும். ஆனால் நாளாக ஆக, அதுவும் கூரை தகிக்கும் இடத்தில், உள்ளுக்குள் இறுகிவிடும். லேசாக வளையும், ஆழமாக இழுத்தால் கிழியும்.

அதற்குப் பிறகு அவர் ஒன்பது நாள் வேலைக்கு வந்தார். ஒன்பது நாளும் முதலாளி அறை வாசல்வரை போய்த் திரும்பினேன். பத்தாம் நாள் அவர் வரவில்லை.

இந்த வருடம்தான் கோலியனூருக்குப் போய், வீடு விசாரித்து, எல்லாவற்றையும் சொன்னேன். ஷேர் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தவர் குழாயை மூடினார்.

"அப்ப என் கை தப்பு இல்லியா சார்?" என்றார். "நான் என் கைதான் போச்சுன்னு நெனச்சிட்டேன். வேற ரெண்டு பட்டறையில கூப்டாங்க. பயந்துக்கினு போவல."

கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையையே பார்த்தார். பிறகு, "டீ சாப்புடுறீங்களா?" என்றார். வேண்டாம் என்றேன். சாப்பிட்டிருக்கலாமோ என்று இன்றுவரை அரிக்கிறது.